அரியலூரில் அக்கா ஆடிய ஆட்டம்

சென்னை உள்ளரங்கில் கூடைப்பந்து தரையில் மோதும் சத்தம் கேட்டதுமே நான் நினைவில் எங்கள் ஊர் வரதராஜன்பேட்டைப் பள்ளி மைதானத்துக்குப் போய்விட்டேன். வெயிலில் சுட்ட சிமெண்ட் தரை, உள்ளங்கையில் ஒட்டும் ரப்பர் வாசனை, அங்கே எல்லோரையும்விட உயரமான என் அக்கா ஸ்டெல்லா.

பத்தாம் வகுப்பு படிக்கும்போது, ஆட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தவள் மயங்கி விழுந்தாள். இதயத்தில் ஓட்டை என்றார்கள். திருச்சியில் ஆபரேஷன் நடந்தது. மறுவருடம் ஆடலாம் என்று டாக்டர் சொல்லியும் அம்மா சம்மதிக்கவில்லை.

"உசுரு பொழச்சதே போதும்டி."

"வூட்டுல உக்காரவாம்மா பொழச்சேன்?" என்றாள் அக்கா.

 அரை மனதோடு அரியலூர் போட்டிக்கு அம்மாவும் எங்களோடு பஸ் ஏறினாள். அக்கா ஓடும்போதெல்லாம் என் கையைப் போட்டு நசுக்கினாள். ஆட்டம் முடியும் நேரம், நாங்கள் ஒரு புள்ளி பின்னால். எதிரணிப் பெண் இடித்ததில் அக்கா கீழே விழுந்தாள்.  அம்மா எழுந்தாள். அக்காவைக் கூட்டிவரத்தான் போகிறாள் என்று நினைத்தேன்.

"எந்திரிடி ஸ்டெல்லா! எந்திரிச்சிப் போடு!"

அக்கா சிரித்துக்கொண்டே எழுந்தாள். இடித்த தவறுக்காக, யாரும் தடுக்காமல் வளையத்தில் போட இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. முதல் பந்தில் சமன். இரண்டாவது பந்து வளையத்தில் சுற்றிச் சுற்றி உள்ளே விழுந்தது. ஜெயித்துவிட்டோம்!

இப்போது அவள் சம்பளத்துக்கு ஆடும் ஆட்டக்காரி. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு இன்று இந்தச் சென்னை அரங்கில்தான் முதல் ஆட்டம். மைக்கில் அவள் பெயரைச் சொன்னார்கள். ஆட்டம் தொடங்குவதற்குள்ளேயே கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.