ரொட்டி என்று சொன்னேன்

என் அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேச்சும் வரவில்லை. ஜப்பான்காரன் வருவதற்குப் பல வருஷங்களுக்கு முந்திய பினாங்கில், அவளைப் போன்றவர்களுக்கான பள்ளிக்கூடம் எதுவும் எங்களுக்குத் தெரிந்து இல்லை. அவளும் நானுமாகச் சில சைகைகளை உண்டாக்கிக்கொண்டோம். எழுதுவதுபோல் விரலை அசைத்தால் அப்பா. அவர் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. உள்ளங்கையின் நடுவில் விரலை ஊன்றினால் இயேசு. இரண்டு கையாலும் பிய்ப்பதுபோல் காட்டினால் ரொட்டி, காலையில் தலையில் கூடையோடு வரும் பாயிடம் வாங்குகிற ரொட்டி. கோயிலில் எங்கள் சபைப் போதகரான ஐயர் நற்கருணையில் பிட்டுக் கொடுக்கும் அப்பத்துக்கும் அதே சைகைதான்.

அந்த அப்பத்தைத் தானும் வாங்கவேண்டும் என்பது அக்காவின் ஆசை. பதினெட்டு வயதாகியும், இளையவர்களெல்லாம் பீடத்தருகே முழங்காலிடும்போது அவள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். முதலில் திடப்படுத்தல் பெறவேண்டும். அதற்கு ஐயர்களுக்கெல்லாம் மேலான அத்தியட்சர் சிங்கப்பூரிலிருந்து கப்பலேறி வரவேண்டும். அவர் வருமுன் ஐயரின் கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்லவேண்டும். அப்பா மன்றாடினார். தம்பி எடுத்துச் சொல்லட்டும் என்று ஐயர் இரங்கினார்.

எனக்குப் பதினொரு வயது. ஒரு மாதம் பாடாங் திடலில் பந்து விளையாடப் போகாமல் அவளுக்குச் சைகையில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தேன். அவள் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். எனக்குத்தான் எரிச்சல்.

சனிக்கிழமை மத்தியானம் கோயில் பள்ளிக்கூட அறையில் பரீட்சை. அப்பாவும் கூட வந்திருந்தார். என்னைவிடப் பெரிய பையன்கள் நாலைந்து பேர் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள்.

"டேய், ஊமைச்சி துபாஷி வந்துட்டான்லா!" என்றான் ஒருவன்.

"இவனுக்கும் பேச்சு நின்னுபோச்சுடா, கையத்தான் ஆட்டுவான்" என்றான் இன்னொருவன்.

ஐயர் அவர்களை அதட்டிவிட்டு என்னிடம், "நற்கருணையில என்ன வாங்கப் போறன்னு உங்கக்காவக் கேளு தம்பி" என்றார்.

கேட்டேன். அக்கா உள்ளங்கையில் விரலை ஊன்றினாள். பிய்த்துக் காட்டினாள். அதை ஐயருக்கும், அப்பாவுக்கும், அந்தப் பையன்களுக்கும்கூட ஒவ்வொருவராகக் கொடுப்பதுபோல் காட்டினாள். கடைசியில் தன் நெஞ்சைத் தொட்டாள். ஆவலில் அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. பெஞ்சிலிருந்து யாரோ ஒருவன் அதேபோல் கத்திக்காட்டினான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"என்ன சொல்லுது தம்பி?"

அவள் சொன்னது அப்பம். அது எனக்குத் தெரியும்.

"ரொட்டி வேணுமாம் ஐயா. பசிக்குதாம்."

பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவன் என் முதுகில் தட்டிக்கொடுத்தான். எல்லாரும் சந்தோஷப்படுகிறார்கள் என்று நினைத்து அக்காவும் சிரித்தாள்.

ஐயர் சிரிக்கவில்லை. "கோவிச்சுக்காதீங்க. அப்பத்துக்கும் ரொட்டிக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளைக்கு நான் எப்படிக் கொடுப்பேன்? ஆண்டவர் இதுக்காக அவளக் கேள்வி கேக்கமாட்டார், பயப்படாதீங்க" என்றார் அப்பாவிடம். ஆண்டவர் கேட்காத கேள்வியை ஐயர் ஏன் கேட்டார் என்று அப்பா கேட்கவில்லை.

"அக்காகிட்ட நீயே பக்குவமாச் சொல்லிருடா" என்றாள் அம்மா வீட்டில். நான் சொல்லவில்லை.

அத்தியட்சர் வந்த ஞாயிறன்று அக்கா புது வெள்ளைச் சேலையில் முக்காடிட்டு வந்தாள். விஷயம் தெரிந்தும் ஆசைக்கு உடுத்தியிருக்கிறாள் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். பெயர் கூப்பிடப்பட்டவர்களோடு அக்காவும் எழுந்து போனாள். ஐயருக்கு உதவியாக நின்ற உபதேசியார் கையை நீட்டி மறித்தார். அவள் திரும்பி என்னைத்தான் பார்த்தாள். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன்.

திரும்பிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் என்று கையை விரித்தாள். நீ பதிலைத் தப்பாகச் சொன்னாய் என்று காட்டினேன்.

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, நீ நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தாய், என் மண்டையில்தான் ஏறவில்லை என்று சைகை செய்து, என் தலையைத் தடவினாள்.

அதன்பிறகு அத்தியட்சர் வந்தபோது, எவ்வளவு அழைத்தும் அவள் பரீட்சைக்கு வர மறுத்துவிட்டாள். இருபத்துமூன்றாம் வயதில் காய்ச்சலில் போனாள். கடைசிவரை அப்பம் அவள் வாயில் படவில்லை.

அன்று அவள் என் தலையைத் தடவியதும் எனக்குப் பெரிய நிம்மதி. மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். மன்னிப்பதற்கு, நான் செய்தது என்னவென்று அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். அதை அவளுக்குச் சொல்லக்கூடியவன் அந்த ஊரிலேயே நான் ஒருவன்தான் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.