பெயர் போடாமல் எழுதியது

வலைப்பூ தொடங்கியபோது அதில் என் பெயரைப் போடவில்லை. ஊரையும் போடவில்லை. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில், மகள் மடியில் தூங்கிய பிறகு கைப்பேசியில் எழுதுவேன். ஆலப்பாக்கம் தாண்டும்போது தொடங்கினால் முட்லூர் வருவதற்குள் ஒரு பதிவு முடிந்துவிடும். திருத்த நேரம் இருக்காது. வெளியிடும் பொத்தானை அழுத்திவிட்டுக் குழந்தையை எழுப்புவேன்.

மகளுக்கு மூன்று வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. சிதம்பரத்தில் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போகிறேன். அவளிடம் இருப்பது ஒரே ஒரு சொல், போம். பேருந்தின் ஹாரன் சத்தத்திலிருந்து அவளே எடுத்துக்கொண்டது. பேருந்தும் போம், பாலும் போம், கடலும் போம். அதையும் நானும் என் கணவரும் மட்டும் இருக்கும்போதுதான் சொல்வாள். மற்றவர் முன்னால் ஒருமுறை சொல்லிவிட்டால் பெரிய முன்னேற்றம் என்று பயிற்சி தருபவர் சொல்லியிருந்தார்.

மேல்பட்டாம்பாக்கத்தில் இருக்கும் என் மாமியாருக்கு இந்தப் பயிற்சியைப் பற்றித் தெரியாது. நாத்தனாருக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். பேசாத குழந்தை இருக்கிற குடும்பம் என்று தெரிந்தால் வருகிற இடமும் தட்டிப்போகும், திருமணம் முடியும்வரை சொல்லாதே என்றார் கணவர். கட்டளையிடவில்லை, கெஞ்சினார். நானும் ஒப்புக்கொண்டேன். குழந்தைக்குக் கூச்ச சுபாவம் என்று சொல்லி வைத்தோம். சொல்ல முடியாததை எழுதினேன். யாரும் படிக்காவிட்டாலும் பரவாயில்லை என்று அப்போது நினைத்ததாக இப்போது சொல்லிக்கொள்கிறேன். ஆனால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் பக்கத்தைத் தினமும் திறந்தேன்.

முகநூலில் எழுதினால் உறவுக்காரர்கள் வந்துவிடுவார்கள். இன்ஸ்டாகிராமுக்கு முகம் வேண்டும். வலைப்பூ என்னிடம் எதையுமே கேட்கவில்லை. அதனால்தான் அதை நம்பினேன். என் எழுத்தை எடுத்துக்கொண்டு போகிறவனிடமும் அது எதையும் கேட்காது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

போன வாரம் ஊரிலிருந்து அத்தை, என் மாமியார், வந்தார். கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, சொம்பில் சாய்த்து வைத்த கைப்பேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். சோகமான வயலின் இசை. அதற்கு மேல், செய்தி வாசிப்பதுபோல ஒரு கணினிக் குரல்: "என் மகளுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும்."

என் வாக்கியம். சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுவிட்டேன். திரையில் கண்ணீர் வடிக்கும் வெளிநாட்டுக் குழந்தையின் படம். முட்லூர் பாலத்தில் நான் அவசரமாக முடித்த பதிவை, அந்தக் குரல் ஒரு எழுத்து மாற்றாமல் படித்துக்கொண்டு போனது.

"எங்க தெரு குரூப்ல வந்துச்சு," என்றார் அத்தை. "பாவம், எந்த ஊர்ப் புள்ளயோ. ஆனா இவளும் ஒரு தாயா? பெத்த புள்ள கொறய ஊருக்கே தண்டோரா போடுறா."

"அவுங்க பேரு போடலயே அத்த."

"பேரு போடலன்னா? புருஷன் வூட்ல கண்டுபுடிக்க எவ்ளோ நேரம் ஆவும்?"

அந்த வீடியோவை என் கைப்பேசியில் தேடி எடுத்தேன். கீழே நூற்றுக்கணக்கில் கருத்துகள். வசம்பை இழைத்து நாக்கில் தடவச் சொன்னார்கள். எல்லாம் கட்டுக்கதை என்றார்கள். எந்நேரமும் போனைப் பார்க்கிற அம்மாவுக்குப் பிறந்தால் இப்படித்தான் என்று ஒருவர். அதை மட்டும் பலமுறை படித்தேன். அவர் சொல்வது சரியாக இருக்குமோ?

வீடியோவை நீக்கச் சொல்ல அந்தத் தளத்திலேயே ஒரு படிவம் இருக்கிறது. இது என்னுடையது என்று நான் நிரூபிக்க வேண்டும். முழுப்பெயர் கேட்டார்கள், முகவரி கேட்டார்கள். என் பெயர் அந்த வீடியோவைப் போட்டவருக்கும் தெரிவிக்கப்படும் என்று கீழே எழுதியிருந்தது. பெயரைத் தட்டினேன், அழித்தேன். கணவருக்குப் போன் செய்தேன்.

"பேரு குடுத்தா அத வச்சி இன்னொரு வீடியோ போடுவான். வுடு, நாலு நாள்ல அமுங்கிடும்."

"அமுங்கலன்னா?"

"அமுங்கலன்னா என்னா பண்றது? நீதான எழுதுன."

படிவத்தை மூடினேன்.

வலைப்பூவையாவது அழித்துவிடலாம் என்று பார்த்தேன். அழித்தால், எழுதியது நான்தான் என்பதற்கு இருக்கும் ஒரே ஆதாரமும் போகும். அந்தப் பதிவின் கீழே கம்மாபுரத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்ததும் போகும். என் பையனும் இப்படித்தான் அக்கா, நீங்கள் எங்கே காட்டுகிறீர்கள் என்று கேட்டிருந்தார். ஊர் தெரிந்துவிடும் என்று பயந்து நான் பதில் போடவே இல்லை. அழிக்கவும் இல்லை, பதில் எழுதவும் இல்லை. கைப்பேசியை அரிசி டின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு ரசத்தைக் கவனித்தேன்.

மறுநாள் மதியமும் கீரை ஆய்ந்துகொண்டே அத்தை அதையே மீண்டும் போட்டார். நாத்தனாருக்கு அனுப்பத் தேடி எடுத்தாராம். மகள் தரையில் படுத்து மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளை உள்ளே தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். திடீரென்று தூக்கினால் அத்தைக்குச் சந்தேகம் வருமோ என்று தயங்கினேன்.

"பேருந்தும் போம், பாலும் போம்," என்றது குரல்.

மகள் தலையைத் தூக்கினாள். கட்டையைக் கீழே வைத்தாள். அத்தையின் மடிவரை தவழ்ந்து போய், திரையில் விரலை வைத்து, இதுவரை நான் கேட்டதிலேயே தெளிவாக, "போம்" என்றாள்.

எத்தனையோ நாள் இதற்காகத்தான் பேருந்து ஏறியிருக்கிறேன். பக்கத்தில் போய் அவளைக் கட்டிக்கொள்ளவில்லை.

அத்தை குழந்தையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. கீரைக் காம்பு ஒட்டியிருந்த விரலால் வீடியோவைப் பின்னால் இழுத்து, முதலிலிருந்து போட்டுக் கேட்கத் தொடங்கினார்.