பாப்புவின் மருந்துக்கும் வீக்லி ஆஃப்

இரண்டரை வயசுப் பிள்ளைக்கு மருந்தை மாற்றி மாற்றிக் கொடுப்பது முழுநேர வேலை. எதைக் கொடுத்தாலும் மூஞ்சியிலேயே துப்புகிற மேலதிகாரியிடம் மாட்டிக்கொண்ட மாதிரி. இதே வேலை பார்க்கும் அம்மா அப்பாக்களே, கிட்ட வாங்க, என் கதையையும் கேளுங்க.

எங்கள் பாப்புவுக்குக் குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம். காலையில் கண் விழித்தால் இரண்டு முழங்காலும் வீங்கி, மடங்கினது மடங்கினபடியே இருக்கும். காலை ஊன்ற ஒரு மணி நேரம் ஆகும். பெங்களூர் டாக்டரம்மா வீக்கத்துக்கு ஸ்டீராய்டு சிரப்பும், வாரத்துக்கு ஒரே ஒரு நாள் கொடுக்க ஒரு பெரிய மருந்தும் எழுதினார். "வீக்கம் அடங்கலைன்னா முழங்கால் நீட்ட முடியாமப் போயிடலாம்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு ரயிலில் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பங்காருப்பேட்டை ஜங்ஷன் வரும்வரை நானும் வீட்டுக்காரரும் அவள் முழங்காலை மாற்றி மாற்றி நீவிவிட்டுக்கொண்டே வந்தோம். பயம்தான், வேறென்ன?

டானிக் பேரு இன்னா?

சிரப் ஆரம்பித்த பத்தே நாளில் பாப்புவின் கன்னம் பன்னு மாதிரி உப்பிவிட்டது. பசி என்றால் அப்படி ஒரு பசி! நாலு இட்லியை முழுங்கிவிட்டு, அப்பா தட்டிலிருப்பதையும் இழுப்பாள். இது மருந்தால் வந்த ஊதல், குறைக்கக் குறைக்க வடிந்துவிடும் என்று டாக்டரம்மா முன்னாடியே சொல்லியிருந்தார். ஆனாலும் பெத்த மனசு கேட்குமா? ஆள் இல்லாத நேரத்தில் பழைய போட்டோவைப் பார்த்து அழுதிருக்கிறேன்.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் ஊர் ஸ்கெலட்டன் ஏரியாவிலிருந்து ஸ்டெல்லா அக்கா வந்தார். என் கூடப் படித்தவளின் அக்கா, மனசில் பட்டதைப் பட்டென்று சொல்கிறவர். பாப்புவை மடியில் தூக்கி வைத்துக் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தார். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்மா, எங்கூட்டுப் பையன் நோஞ்சானாக் கீறான், அந்த டானிக் பேரு இன்னா, எனக்கும் கொஞ்சம் சொல்லேன்!" என்றார்.

ஞாயிறா, புதனா?

என் வீட்டுக்காரருக்கு ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை. வீட்டையும் ஷிப்ட் போட்டுத்தான் நடத்துவார். ஃபிரிட்ஜ் கதவில் அட்டை ஒட்டி, காலைச் சிரப்புக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட், சாயங்காலச் சிரப்புக்கு செகண்ட் ஷிப்ட் என்று எழுதினார். பெரிய மருந்து ஞாயிற்றுக்கிழமை. தினமும் கொடுக்கிற வைட்டமின் மாத்திரை அன்றைக்கு மட்டும் கிடையாது என்பதால், அந்த நாளுக்கு எதிரே "வீக்லி ஆஃப்" என்று எழுதினார். நானும் மெச்சிக்கொண்டேன், என் புத்தியைச் சொல்லணும்.

ஒரு மாசம் ஃபேக்டரியில் அவசர ஆர்டர் என்று எல்லாருக்கும் ஆஃபை ஞாயிறிலிருந்து புதனுக்கு மாற்றினார்கள். மனுஷன் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அட்டையில் இருந்த மொத்தத்தையும் புதனுக்கு மாற்றிவிட்டார். புதன் காலையில் பெரிய மருந்தை அளந்து எடுத்துக்கொண்டு பாப்புவிடம் போகிறார். "ஐயோ, மூணு நாள் முன்னாடிதானே கொடுத்தோம்!" என்று பாய்ந்து பிடுங்கினேன். "ஆஃப் மாறிடுச்சில்ல?" என்கிறார், எனக்கே பாடம் எடுக்கிற மாதிரி. உடனே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டோம்.

அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "நல்ல வேளை, கொடுக்கலை. அடிக்கடி கொடுத்தா ஆபத்து. சாருக்கு ஆஃப் மாறலாம், மருந்துக்கு ஞாயிறுன்னா ஞாயிறுதான். அதுக்கு யூனியன் எல்லாம் கிடையாதும்மா!" என்றார்.

கலர் கிடையாது

மூணு மாசம் போச்சு. வீக்கம் பாதிதான் குறைந்தது. இனி பதினைந்து நாளைக்கு ஒரு ஊசியும் சேர்க்கணும், ஃபிரிட்ஜிலேயே வைக்கணும், ஆனால் உறையக் கூடாது என்றார்கள். இதுவும் கேட்கலைன்னா என்ன செய்வோம் என்ற பயம் வேற. முதல் ஊசி வந்து இறங்கிய அன்றைக்கே கரண்ட் போச்சு, சாயங்காலம்தான் வருமாம்!

ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஜாருக்கு ஓடினேன். முருகேசண்ணன் கடையில் ஜெனரேட்டர் உண்டு. விஷயத்தைச் சொன்னதும் கூல்டிரிங்க்ஸ் ஃபிரிட்ஜின் நடுத்தட்டைக் காலி பண்ணிப் பெட்டியை வைத்தார். சாயங்காலம் எடுக்கப் போனேன். கடை முன்னால் நாலு பேர் முணுமுணுத்துக்கொண்டு நிற்கிறார்கள். அண்ணன் ஃபிரிட்ஜ் கதவில் சாய்ந்துகொண்டு, "திறந்தா சூடு பூந்துடும்ப்பா. உள்ள பாப்பா ஊசி கீது. கலர் வேணும்னா நாளைக்கு வாங்க!" என்கிறார்.

பிடிக்காதே!

நாலாவது ஊசி போட்டாச்சு. ஸ்டீராய்டு சிரப் சொட்டுச் சொட்டாகக் குறைந்து கடைசி அளவுக்கு வந்திருந்தது. ஒரு காலையில் அதை அளந்துகொண்டு ரூமுக்குப் போனால் படுக்கையில் ஆளைக் காணோம். பதறிப்போய்த் திரும்பினால், வாசற்படியில் நிற்கிறாள். யாரும் தூக்கிவிடவில்லை, யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. என் கையிலிருந்த சிரப்பைப் பார்த்தாள். அவ்வளவுதான், தெருவில் ஒரே ஓட்டம்!

"ஏய், நில்லுடி!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். குண்டுக் கால் இரண்டும் நீட்டி மடக்கிப் பறக்கிறது, கோழி எல்லாம் சிதறுகிறது. நைட் ஷிப்ட் முடிந்து வந்த வீட்டுக்காரர் எதிரே சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு நிற்கிறார், கண்ணெல்லாம் தண்ணி. "பிடிங்க அவளை!" என்கிறேன். மனுஷன் நகரவே இல்லை. "பிடிக்காதே, பிடிக்காதே, இன்னொரு ரவுண்டு ஓடட்டும்!" என்றார்.

மருந்து வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆயிரம் டெஸ்ட் எடுக்கிறார்கள்; எனக்கென்னவோ, மருந்தைக் கண்டதும் பிள்ளை நம் கைக்குச் சிக்காமல் ஓடினாலே போதும்.