கோமு அத்தையின் பறங்கிச் சக்கையும் நான் போட்ட உப்பும்

பால் ஆவியும் மண்ணு வாசமும் கலந்து ஒரு வாடை... பறங்கிச் சக்கைன்னாலே எனக்கு அந்த வாடைதான்.

ஐம்பதுகள்ல. பாவாடை கட்டின ஒன்பது வயசு எனக்கு. சங்கரன்கோவில் நாட்டு மருந்துக் கடையில அப்பா வாங்கிட்டு வருவாங்க. முண்டும் முடிச்சுமா, கல்லு மாதிரி ஒரு கிழங்கு. சீனாவுல இருந்து வருதுன்னு கடைக்காரர் சொன்னாராம்.

எனக்கு ஆச்சரியம் தாங்கலை. எங்க ஊர் ரயில் விருதுநகர்ல இருந்து வரும், தென்காசிக்குப் போகும். இது எந்த ஸ்டேஷன்ல ஏறியிருக்கும்?

அம்மா அதை இடிச்சு, சலிச்சு, பால் சட்டி வாயில துணி கட்டி, புட்டு மாதிரி அவிப்பாங்க. எல்லாம் அப்பாவோட தங்கச்சி கோமு அத்தைக்காக.

அத்தைக்குக் கையெல்லாம் கரப்பான் புண்ணு, அரிப்பு. கோயில் புற்றுமண் பூசியும் கேட்கலை. பிள்ளைக்கு ஒட்டிக்கும்னு மாமியார் கைக்குழந்தையைக் கடையநல்லூர்லயே வச்சுக்கிட்டு, அத்தையை மட்டும் எங்க வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

நாற்பத்தெட்டு நாள் மருந்து. உப்பு, புளி ஆகாது. உப்பு பட்டா திரும்ப முதல் நாள்ல இருந்துன்னு வைத்தியர் கண்டிப்பா சொல்லியிருந்தார்.

நாற்பத்தோராம் நாள். கை கிட்டத்தட்ட சுத்தமாயிருந்துச்சு. அத்தை பருப்புச் சோத்தைக் கண்ணை மூடிட்டு முழுங்குறதைப் பார்க்கச் சகிக்கலை எனக்கு. மறுவேளை தட்டு எடுத்துட்டுப் போகும்போது ஒரு கல் உப்பை நுணுக்கிக் கலந்துட்டேன்.

முதல் வாயிலேயே அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தாங்க. தட்டை வழிச்சுத் தின்னாங்க.

மறுநாள் காலையில அம்மாகிட்ட, "மதினி, முதல்ல இருந்து நாள் எண்ணுங்க. நாந்தான் ஆசைப்பட்டு உப்பைத் தொட்டுட்டேன்."

"ஏட்டி, பெத்த பிள்ளையை விட நாக்கு பெருசாப் போச்சா ஒனக்கு?"ன்னு அம்மா கத்தினாங்க.

கதவுக்குப் பின்னால நான். அப்படியே கொல்லைப்பக்கம் நழுவிட்டேன்.

அத்தை இன்னும் நாற்பத்தெட்டு நாள் இருந்தாங்க. ஊருக்குப் போனப்போ பையன் நடக்கப் பழகியிருந்தான். முதல் அடி வச்சதை அத்தை பார்க்கலை. அதுக்கப்புறம் ஒரு தடவைகூட அவங்க என்னைக் காட்டிக்கொடுக்கலை. கடைசி வரைக்கும்.

இப்போ எனக்கு பிபி. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லிட்டார். போன வாரம் பொழுது போகாம பேத்தி போன்ல சீனாக்காரங்க இந்தக் கிழங்கை என்ன செய்றாங்கன்னு தேடிப் பார்த்தேன். ஒரு பொம்பளை எலும்போட போட்டு சூப் வைக்கிறா. கடைசியில தாராளமா உப்பு போடுறா!

அப்போ... என் ஒரு கல் உப்பு ஒண்ணுமே செஞ்சிருக்காதோ? அந்த நாற்பத்தெட்டு நாளும் சும்மாவா?

அத்தை மகனுக்கு போன் போட்டேன். அவனுக்கும் எழுபது தாண்டிருச்சு.

"என்ன மதினி, திடீர்னு?"

உப்பு போட்டது நான்தான்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்.

"சும்மாதான்டே... சாப்பிட்டியா?"ன்னு கேட்டுட்டு வச்சுட்டேன்.