புகை விசிறி நின்ற நாள்

எத்தியோப்பியாவில் காலை ஏழு மணியை ஒரு மணி என்கிறார்கள். சூரியன் எழுந்த பிறகுதான் இவர்களுக்குப் பொழுதின் கணக்கே தொடங்குகிறது. கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனதுக்குள் ஆறைக் கழிக்க வேண்டும். ஐந்தாவது வரை படித்த எனக்கு அதுவே பெரிய வேலை.

ஊரில் நீங்கள் என்னை ஃபாரின் போனவன் என்கிறீர்கள். இங்கே ஷூ கம்பெனியில், பசை பூசிய லைனிங் துணியைச் சூடான கத்தியால் வெட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். சூட்டில் ஓரம் உருகி இறுகும், நூல் பிரியாது. ஆனால் பசையும் கருகும். அந்தப் புகை தொண்டையை அறுக்கும். வேலை செய்யும் பெண்கள் என்னை முறைத்துத்தான் பார்ப்பார்கள். அவர்களுக்கு நான் முதலாளியின் ஆள். எனக்கும் வலியப் போய்ப் பேச வராது.

போன வாரம் புகையை இழுக்கும் விசிறி நின்றுவிட்டது. கத்தியை ஓட்டும் அல்மாஸ் என்ற பெண் மிஷினை அணைத்துவிட்டு, நின்ற விசிறியைக் காட்டிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். துணி விரிக்கும் பெண்களும் அவளோடு நின்றார்கள். வேலூர் சத்துவாச்சாரிக்காரரான எங்கள் மேனேஜர் வந்தார்.

"இன்னா சேகர், வேடிக்கை பாக்கவா உன்னைப் பிளேன் ஏத்திக் கூட்டியாந்தேன்? சாயங்காலத்துக்குள்ள வெட்டின மால் வரலைன்னா அவள வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

அவள் சம்பளத்தில்தான் அவள் வீடு நடக்கிறது. முன்பு நான் வேலை பார்த்த ஆம்பூர் கம்பெனியில் விசிறி நின்றால் நாங்கள் யாரையும் கேட்டதில்லை. முகத்தில் ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு வெட்டுவோம். எனக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்து மேஜை ரஃபீக், "பேஜார் பண்ணாம போய்ப் படு தோஸ்த், உன்னுதையும் நானே வெட்டிடறேன்" என்பான். சூப்பர்வைசருக்குத் தெரியாமல் என் வேலை பிழைத்துவிடும். ஒருவருக்கு உதவுவது என்றால் எனக்குத் தெரிந்தது அதுதான். ஈரக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அல்மாஸின் இடத்தில் உட்கார்ந்தேன். கண்ணில் நீர் வழிய மொத்தத்தையும் வெட்டி முடித்தேன்.

அவள் பிழைத்தாள் என்று நினைத்துத் திரும்பினேன். அவள் என் காலடியில் துப்பினாள்.

"இந்தியா! குட் டாக்!" முதலாளிக்கு நல்ல நாய் என்கிறாள்.

மேனேஜர் என் முதுகில் தட்டினார். "ஒருத்தனே முடிச்சிட்டியே. இனிமே அவ இன்னாத்துக்கு?"

"சார், அவளுக்காகத்தான் சார் நான்..."

"அவளுக்காகவா? அடப் போய்யா!" என்று சிரித்தார். அங்கேயே அவளைப் போகச் சொல்லிவிட்டார்.

அல்மாஸ் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். மற்ற பெண்களும் அவள் பின்னால் போனார்கள். கேட் வரை ஓடினேன். விளக்கிச் சொல்ல அவர்கள் மொழி எனக்குத் தெரியாது. வெளியே அவர்களுடைய முதுகுகள். உள்ளேயிருந்து மேனேஜர் தமிழில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கேட்டைப் பாதி திறந்து பிடித்திருந்த காவலாளி, உள்ளேயா வெளியேயா என்று கையை ஆட்டிக் கேட்டான்.