கப்பல் கரண்டு

எங்கள் ஆர்கனுக்குச் சொந்தச் சுருதி கிடையாது. ஊர்க் கரண்டு எப்படியோ அப்படித்தான் அதுவும். பாட்டு தெரிந்தவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அந்த வகை மின்சார ஆர்கனுக்குள் ஒரு மோட்டார் உண்டு. அது பல் வைத்த சிறு சக்கரங்களை வரிசையாகச் சுழற்றும். சக்கரத்தின் வேகம்தான் சுரம். கரண்டு நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பதைச் சைக்கிள் என்பார்கள். அது குறைந்தால் மோட்டார் தளரும், பாட்டு மொத்தமும் இறங்கிவிடும். எழுபதுகளில் தூத்துக்குடியில் விளக்கு வைக்கும் நேரம் வந்துவிட்டால் பல்பு மங்கும், ஃபேன் களைத்துப்போகும், எங்கள் ஆர்கன் இறங்கும்.

ஆகவே சனிக்கிழமை சாயங்காலம் கிளப்புக்குப் போனதும் என் முதல் வேலை கிதாரை அதற்கு இறக்குவது. ஆர்கன் வாசிக்கும் அண்ணாச்சி ஒரு கட்டையை அழுத்திப் பிடிப்பார். "இன்னைக்குக் கரண்டு எங்க நிக்குன்னு பாருடே" என்பார். நான் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துவேன். மேலே ஏற்றியதாக எனக்கு நினைவே இல்லை.

நாங்கள் மூன்று பேர். அண்ணாச்சி ஆர்கன். பகலில் உப்பு மூட்டைக் கணக்கு எடுப்பவர். அதற்கு முன்னால் கொழும்பில் ஒரு ஹோட்டலில் ஜாஸ் வாசித்தவர். அந்த ஹோட்டல் நடனத்தை நிறுத்தியபோது அவர் வாசித்த ஆர்கன் தோணி ஏறி எங்கள் ஊர்க் கிளப்புக்கு வந்தது. அவரும் அதே தோணியில் வந்தார். ஆர்கனோடு சேர்த்து இறக்கின சாமான் என்று காக்கா கேலி செய்வார். காக்கா காயல்பட்டினத்துக்காரர், டிரம் வாசிப்பவர். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். கப்பலில் ஸ்டீவார்டாக உலகம் சுற்றிவிட்டு வந்து, இப்போது கப்பல்களுக்குக் காய்கறியும் கோழியும் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் ஏரல் பக்கம், நெல் விவசாயக் குடும்பம். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. கிதார் கல்லூரி விடுதியில் தொற்றிக்கொண்டது. "படிக்க அனுப்புனா பெட்டி வாசிக்கப் படிச்சிட்டு வந்திருக்கான்" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். கிதாரைப் பெட்டி என்பதில் அவளுக்கு ஒரு தயக்கமும் இருந்ததில்லை.

ஆர்கன், கிதார், டிரம். அவ்வளவுதான். கீழ்ச் சுரம் போடும் பேஸ் வாசிக்க நாலாவது ஆள் இருக்கக் கூடாது என்பது இந்த வகை ஜாஸின் மரபு. அண்ணாச்சியின் இடது கால்தான் அந்த நாலாவது ஆள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கீழே இருக்கும் மரப் பெடல்களின் மேல் காலை நடக்கவிடுவார். கை ஒரு பக்கம் போகும், கால் ஒரு பக்கம் போகும். அந்தக் காலை அவர் குனிந்து பார்த்து நான் கண்டதில்லை. டீக்கடை பெஞ்சில் இருக்கும்போதுகூட மேஜைக்கடியில் அது தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும்.

பாட்டை முதலில் உள்ளது உள்ளபடி வாசிக்க வேண்டும். அப்புறம் அதே கட்டுக்குள் நின்று ஒவ்வொருவரும் தன் கதையைச் சொல்லலாம். கடைசியில் மூவரும் சேர்ந்து பாட்டுக்குத் திரும்ப வேண்டும். அந்த ஒழுங்கை மீற அண்ணாச்சி விடமாட்டார். "சினிமாப் பாட்டு ஒண்ணு எடுத்து விடுங்களேன்" என்று யாராவது கேட்டால், "அதுக்கு ரேடியோ இருக்கு சார். இதுக்கு நாங்க மட்டுந்தான் இருக்கோம்" என்று பணிவாகச் சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்.

கிளப்புக்குப் புதுச் செயலாளர் வந்தார். நல்ல மனிதர், சட்டையில் கசங்கல் இல்லாதவர். ஒரு சனிக்கிழமை வாசித்து முடித்ததும் எங்களைக் கூப்பிட்டார்.

"நீங்க நல்லா வாசிக்கிறீங்க. அதுல குறையே இல்லை. ஆனா கேட்டா தூக்கம் வருது. ஏன்னு எனக்குச் சொல்லத் தெரியல."

அவர் ஆர்கன் பக்கம் திரும்பினார்.

"ஒரு ரெக்கார்ட் பிளேயர் வாங்கிட்டா வேலை முடிஞ்சது. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல பிரார்த்தனைக்கு ஆர்கன் கேக்கிறாங்க. இந்தப் பீரோவும் இடத்தை அடைக்காம போகும்."

வெளியே வந்ததும் காக்கா சிகரெட் பற்றவைத்தார். அண்ணாச்சி சைக்கிள் பூட்டைத் திறக்காமல் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"பிரார்த்தனைக்குப் போறது நல்ல காரியந்தான்" என்றார். "ஆனா நான் அது கூடப் போக முடியாதுலா."

எனக்குத் தெரிந்து எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட இன்னொரு ஆர்கன் இல்லை. அது போனால் அவருக்கு வாசிக்க வேறு கிடையாது. காக்கா எந்தத் தகரத்தையும் தட்டிக்கொள்வார். எனக்குக் கிதார் கையில் இருக்கிறது. அந்த இடது கால் எங்கே போகும்?

அந்த வாரத்திலேயே ஒரு வழி தெரிந்தது. உப்பு ஏற்ற வந்திருந்த ஒரு வெளிநாட்டுக் கப்பலின் கேப்டன் கிளப்பில் எங்கள் வாசிப்பைக் கேட்டிருந்தார். தன் கப்பலில் துறைமுகத்து அதிகாரிகளுக்கு ஒரு விருந்து வைக்கிறார், அந்த மூன்று பேரும் அந்த ஆர்கனோடு வர வேண்டும் என்று செயலாளரிடம் கேட்டுக்கொண்டார். செயலாளர் ஒத்துக்கொண்டார். "அன்னைக்கு நானும் இருப்பேன். அதைப் பாத்துட்டு முடிவு பண்றேன்" என்று எங்களிடம் சொல்லியும் விட்டார்.

புதுத் துறைமுகத்தில் கப்பல்கள் கரையோடு வந்து கட்டத் தொடங்கியிருந்த காலம். கப்பலின் படி குறுகல், ஆர்கன் அதில் ஏறாது. உப்பு மூட்டை தூக்கும் வலையில் வைத்து வின்ச்சால் ஏற்றினார்கள். கப்பலுக்கும் கரைக்கும் இடையில் ஒரு ஆள் விழக்கூடிய இடைவெளியில் கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது. வலை சரியாக அதற்கு மேலே வந்து நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆர்கன் காற்றில் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, கண்ண மூடிக்கிடும்" என்றார் காக்கா. "விழுந்தா சத்தம் கேக்கும்லா, அப்பத் திறந்துக்கிடலாம்."

"சும்மா இரும்வே."

மூட்டை தூக்கும் ஆட்களில் ஒருவர் என்னிடம், "ஏலே, பீரோவுக்குள்ள என்ன சாமான் இருக்கு?" என்றார். பாட்டு இருக்கிறது என்றேன். "அப்ப கனமில்லலா" என்றார். வலை நகர்ந்தது. அது கப்பலின் தளத்தில் உட்காரும்வரை அண்ணாச்சி மூச்சுவிட்டதாகத் தெரியவில்லை.

தளத்தில் கித்தான் கட்டி நாற்காலி போட்டிருந்தார்கள். விருந்தாளிகள் வரத் தொடங்கிவிட்டார்கள். கப்பலின் மின்சாரக்காரர் ஒயரைக் கொண்டுவந்து மாட்டினார். அண்ணாச்சி ஆர்கனை ஓட்டினார். உள்ளே சக்கரங்களின் சத்தம் வழக்கத்தைவிடக் கூர்மையாகக் கேட்டது. இரும்புத் தளம் அல்லவா, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணாச்சி ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தபடி படிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் ஏறி வந்துகொண்டிருந்தார்.

என் கம்பி வெகு கீழே கிடந்தது. போன வாரம் ஊர்க் கரண்டுக்கு இறக்கினது அப்படியே இருக்கிறது என்று முறுக்கினேன். போதவில்லை.

"இன்னும் ஏத்துடே."

முறுக்கினேன்.

"இன்னும் கொஞ்சம்."

ஆர்கன் சொல்வதுதான் சுருதி என்பது எங்கள் பழக்கம். அதை யாரும் கேள்வி கேட்டதில்லை. நான் முறுக்கிக்கொண்டே போனேன். முதல் கம்பி அறுந்து கன்னத்தில் அடித்தது.

உப்புக் காற்றில் துருவேறின கம்பி. மாற்றுக் கம்பி என்னிடம் இல்லை. சிங்கப்பூர் போய்வரும் யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு. சத்தம் கேட்டு வந்த மின்சாரக்காரர் விஷயத்தைத் தெரிந்துகொண்டு ஆர்கனின் பின்பக்கத் தகட்டைப் படித்தார். இது ஐம்பது சைக்கிளுக்குச் செய்தது, கப்பலில் அறுபது என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

நான் பௌதிகம் படித்தவன். அறுபதுக்கு ஐம்பது என்றால் ஆறுக்கு ஐந்து. மூன்று அரைச்சுரம் மேலே. கணக்கு உடனே வந்தது. கணக்கு வந்ததே தவிர விரலுக்கு வழி வரவில்லை. எனக்கு ஒவ்வொரு பாட்டும் கிதார் கழுத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் தெரியும். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு படித்த மாதிரிதான் இதையும் படித்திருந்தேன். நடுவில் எழுப்பிக் கேட்டால் முதலிலிருந்து வர வேண்டும். மூன்று தள்ளி வாசி என்றால் விரல் எங்கே போகும்?

"எனக்கு ஒரு கோளாறும் இல்ல தம்பி" என்றார் காக்கா. "தோலுக்குக் கரண்டு வேண்டாம்."

அண்ணாச்சி சிரிக்கவில்லை. "நான் மூணு இறங்கி வாசிக்கேன். நீ ஒன் இடத்துலயே நில்லு" என்றார்.

மிச்சக் கம்பிகளை அவசரமாகக் கிதாரின் வழக்கமான சுருதிக்கு ஏற்றிக்கொண்டேன். முதல் பாட்டை அப்படித்தான் தொடங்கினோம். அண்ணாச்சியின் கைகள் சமாளித்துவிட்டன. கால் சமாளிக்கவில்லை. பாட்டு வளைந்து திரும்பும் இடத்தில் அது பழைய பெடலுக்குப் போய்விட்டது. கீழேயிருந்து ஒரு தவறான உறுமல் வந்தது. அண்ணாச்சி குனிந்து காலைப் பார்த்தார். பார்த்ததும் அடுத்த பெடலும் தவறியது. நடந்துகொண்டிருப்பவனிடம் எப்படி நடக்கிறாய் என்று கேட்டது போல ஆகிவிட்டது. கேப்டன் கையில் தூக்கின கிளாசை வாய்க்குக் கொண்டுபோகாமல் வைத்திருந்தார். செயலாளர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எப்படியோ முடித்தோம். இரண்டு பேர் கை தட்டினார்கள், இருவரும் மரியாதைக்காக.

அண்ணாச்சியின் நெற்றியில் வேர்வை. அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆர்கனையும் பார்க்கவில்லை. வலை கட்டியிருந்த வின்ச் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எப்போதோ கிளப்பில் ஒரு மாலுமி கிதார் கழுத்தில் பென்சிலைக் கட்டி வாசித்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூன்றாவது ஃப்ரெட் என்கிற உலோகக் கீற்றின் மேல் குறுக்கே இறுகக் கட்டிவிட்டால் கம்பிகள் எல்லாம் அங்கிருந்தே தொடங்கும். விரல் பழைய மாதிரி போகலாம், சத்தம் மூன்று ஏறி வரும். பென்சில் குமாஸ்தாவின் சட்டைப்பையில் இல்லாமலா? கட்டத்தான் ஒன்றும் இல்லை.

"காக்கா, ஒங்க பூட்ஸ் கயித்தத் தாங்க."

"எதுக்கு, தூக்கு மாட்டவா?"

கேட்டுக்கொண்டே உருவித் தந்தார். கட்டினேன். அறுபது சைக்கிள் என்பது மூன்று அரைச்சுரத்துக்கும் ஒரு முடி மேலே. மிச்சமிருந்த ஐந்து கம்பிகளையும் அந்த முடியளவு ஏற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறுக்குக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அண்ணாச்சி, நீங்க பழைய இடத்துக்கே போங்க. நான் வாரேன்."

அவர் செருப்பில்லாத காலைப் பெடலின் மேல் வைத்தார். பார்க்கவில்லை.

அப்புறம் வந்த சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எல்லாம் மூன்று படி மேலே, பல் விளக்கின மாதிரி சுத்தமாக இருந்தது. ஆர்கனோடு வந்த ஸ்பீக்கர் பெட்டிக்குள் ஒலியைச் சுழற்றிவிடும் ஒரு கொம்பு உண்டு; அதுவும் வேகமாகச் சுழன்றது. சுரங்கள் நடுங்கிப் பளபளத்தன. அண்ணாச்சி தன் கதையை நீளமாகச் சொன்னார். காக்கா கயிறில்லாத பூட்ஸோடு டிரம் பெடலை மிதித்தார். ரசிக்க எனக்கு நேரமில்லை. இரண்டாவது கம்பி எப்போது அறுந்துவிடுமோ என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அறுபடவில்லை. கேப்டன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முடிந்ததும் செயலாளர் வந்தார். முகத்தில் சந்தோஷமும் கோபமும் சேர்ந்திருந்தன.

"இவ்வளவு நாளா இதை எங்க வச்சிருந்தீங்க? கிளப்புல ஏன் இப்படி வாசிக்கலை?"

நான் "சார், சைக்கிள் வந்து…" என்று தொடங்கினேன். காக்கா என் காலை மிதித்தார்.

"சனிக்கிழமை ஒங்களுக்குத்தான். ஆனா இப்படி இருக்கணும். அந்தத் தூக்கம் திரும்ப வந்தா ஆர்கன் பள்ளிக்கூடத்துக்குப் போயிரும்" என்றார் அவர்.

ஆர்கன் வலையில் இறங்கும்போது காக்கா சொன்னார்: "கப்பலையும் சேத்து வாங்குனாத்தான் உண்டு."

கப்பல் போய்விட்டது. கரண்டு ஊர்க் கரண்டுதான். என்ன செய்வது என்று எனக்குப் புரியவில்லை. மறுநாள் அண்ணாச்சி டீக்கடையில் சொன்னார்: "கரண்டு ஏறாது. நாமதான் ஏறணும்." அதாவது எல்லாப் பாட்டையும் இனி மூன்று படி மேலே தள்ளியே வாசிப்பது. எனக்குப் பென்சில் இருந்தது. அவர் காலுக்கு ஒன்றும் இல்லை. அந்த வாரம் முழுக்க டீக்கடை மேஜைக்கடியில் அது புது வழி நடந்து பழகியது. தப்பி மேஜைக்காலில் இடிக்கும், டீ தளும்பும். "என்ன அண்ணாச்சி, கால்ல கரப்பான் ஏறுதோ?" என்று கடைக்காரர் குனிந்து பார்த்தார்.

சனிக்கிழமை செயலாளர் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பல்பு மங்கியது. ஆர்கன் வழக்கம்போல இறங்கி நின்றது. நான் ஐந்து கம்பிகளையும் இறக்கிப் பென்சிலைக் கட்டினேன். பாட்டு தொடங்கியது. அந்த வளைவு வந்தது. நான் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தேன், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் போக வேண்டிய இடத்துக்குப் போனது.

செயலாளர் கடைசிவரை கையைப் பிரிக்கவில்லை. எழுந்து போகும்போது எங்கள் பக்கம் நின்றார்.

"கப்பல்ல இன்னும் கொஞ்சம் நல்லா இருந்துச்சு" என்றார். கொஞ்சம் யோசித்தார். "சரி, இருக்கட்டும்."

பள்ளிக்கூடத்துக்கு ஆர்கன் போகவில்லை. நாங்களும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. அதன்பின் வாசித்த வருஷங்களெல்லாம் அந்த உயரத்திலேயே வாசித்தோம். மாற்றுக் கம்பி வந்தபின்னும் பென்சில் போகவில்லை. பாட்டு தெரிந்த மாலுமிகள் சிலர் கிளப்புக்கு வந்து, இந்தப் பாட்டை உலகத்தில் யாரும் இவ்வளவு சிரமமான இடத்தில் வாசிப்பதில்லையே, நீங்கள் ஏன் வாசிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நான் விளக்க வாயெடுப்பதற்குள் அண்ணாச்சி முந்திக்கொள்வார்.

"எங்க ஊரு கரண்டு அப்படி" என்பார். சொல்லிவிட்டு பல்பை ஒருமுறை பார்த்துக்கொள்வார்.