பிரெட் கவர் மாட்டிய கை

மேடவாக்கத்தில் என் கார் பாலிஷ் கடைக்கு வந்தவர், "இப்பதான் வாஷ் பண்ணேன் மேடம், பாலிஷ் மட்டும் போதும்" என்றார். டிராயரிலிருந்து காலி பிரெட் கவரை எடுத்தேன். அந்த லேசான புளித்த வாசனை என்னைச் சின்ன வயதில் நாங்கள் இருந்த தாம்பரத்துக்குக் கொண்டுபோனது.

எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சர் சனிக்கிழமைதோறும் தன் பழைய காரைத் தானே கழுவுவார். துடைத்து முடித்ததும் கையில் பிரெட் கவரை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி பானெட்டைத் தடவுவார். சில இடங்களில் கை நிற்கும். அங்கே மறுபடி தேய்ப்பார்.

"கவர் எதுக்கும்மா?"

"கை அழுக்காவாம இருக்கத்தான்" என்றாள் அம்மா.

கழுவின காரில் ஏது அழுக்கு? மனசு ஒப்பவில்லை. அப்பா கழுவி வைத்த ஸ்கூட்டரை நானும் அப்படியே தடவினேன். வெறுங்கைக்கு வழவழப்பாயிருந்த இடம், கவருக்குள் மணலாய் நெருடியது. எங்கள் தெரு தண்டவாளத்தை ஒட்டியது; எல்லாம் ரயில் தூசு.

"நல்லாத்தானே கழுவுனேன்" என்ற அப்பாவின் கையிலும் கவரை மாட்டினேன். தடவியவர், மறுபடி கழுவ வாளியைத் தூக்கினார்.

டீச்சரிடம் இதைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

இப்போது கடைக்கு வந்தவர் கையில் கவரை மாட்டி, "தடவிப் பாருங்க சார்" என்றேன். கண்ணை மூடச் சொல்லவில்லை. தானாகவே மூடிக்கொண்டார்.